சின்னக் கிற்றாரும் அக்கரைப்பற்று பஸ்ஸும்

கேள்வி: திருக்கோவிலில் இருந்து வந்து வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிறேன். வீட்டில் இருக்கும் பெரிய கிற்றாரை பஸ்ஸில் கொண்டுவர முடிவதில்லை. சின்ன ட்ரவல் கிற்றார் ஒன்று வாங்கப் போகிறேன் என்றால், "அது விளையாட்டுச் சாமான், சத்தம் வராது" என்கிறார் அண்ணா. உண்மையா?

பதில்: வாங்குங்கள் மகள். அண்ணா சொல்வதில் கொஞ்சம் சரி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் கம்பியின் ஈ சுரம் செக்கனுக்கு 82 அதிர்வு. அவ்வளவு தாழ்ந்த சுரம் நிறைந்து ஒலிக்கப் பெட்டிக்குள் நிறையக் காற்று வேண்டும். சின்னப் பெட்டியில் அது போதாது. நெஞ்சில் வந்து மோதும் அந்தத் 'தும்' வராது.

ஆனால் கீழே குறைந்தால் நடுச்சுரங்கள் தெளிந்து முன்னுக்கு வரும். நாம் பாடும் குரல் இருப்பதும் அங்கேதான். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பல வருடம் பெரிய கிற்றார் வாசித்தவன் நான். ஒரு நாள் சிநேகிதர் ஒருவரின் சின்னக் கிற்றாரைக் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கொண்டுபோய், வாவிக் காற்றில் பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்கு ஓரமாக நின்று வாசித்தேன். தங்கச்சி மெல்லத்தான் பாடினாள். ஒரு சொல்லும் கிற்றாருக்குள் அமுங்கவில்லை. அன்றைக்கே எனக்கும் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

விரலுக்கு எப்படி இருக்கும் என்று கடைக்குப் போகாமலே பார்க்கலாம். வீட்டுக் கிற்றாரின் ஆறு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி, கழுத்தில் குறுக்கே இருக்கும் இரண்டாவது உலோகக் கோட்டில் (பிரெட்) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போடுங்கள். 25½ அங்குலக் கம்பி இப்போது ஏறக்குறைய 22¾ அங்குலம் ஆகிவிடும். 1996இல் வந்த பேபி டெய்லர் என்ற சின்னக் கிற்றாரின் கம்பி நீளமும் அதுதான். இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கோர்ட் பிடிக்க விரல் அவ்வளவாக நோகாது. ஓங்கி அடித்தால் மட்டும் கம்பி பறபறக்கும். அதற்கு ஒரு சைஸ் தடித்த கம்பி போடலாம், அந்தக் கிற்றார் அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு.

பாடகர் எட் ஷீரன் பெரிய மேடைகளில் மார்ட்டின் எல்எக்ஸ்1இ என்ற சின்னக் கிற்றார் வாசித்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஸ்பீக்கரும் இருந்தன. உங்கள் விடுதி அறைக்கு அது தேவையும் இல்லை.

பெரியதை பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை அக்கரைப்பற்று பஸ்ஸில் சனம் நிறைந்து, என் கிற்றாரை இன்ஜின் மூடிக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். கல்முனையில் இறங்கி உறையைத் திறந்தால் உள்ளே சோற்றுப் பானை மாதிரிச் சூடு. கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் பசை இளகி எழும்பி நின்றது. பஸ் டிக்கெட்டை அதற்குள் செருகிப் பார்த்தேன், பாதி வரை போனது. அந்த வலி இன்னும் இருக்கிறது. சின்னதை மடியில் வைத்துக்கொள்ளலாம். மடியில் இருக்கும் கிற்றாருக்கு ஒன்றும் ஆகாது.

வாங்கும்போது மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரமா என்று கேளுங்கள். ஒட்டுப்பலகையைவிடக் குரல் திறந்து வரும். பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகையாக இருந்தால் நம் ஊர் ஈரத்துக்கு நல்லதுதான்.

கேள்வி: வீடு பாசிக்குடாவில், கடலுக்குப் பக்கம். புதுக் கம்பி போட்டு ஒரு மாதத்திலேயே கறுத்துக் குரல் மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உப்புக்காற்றும் கை வியர்வையும்தான் காரணம். வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துப் பிடித்து இழுத்துத் துடையுங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூட, ஆனால் கடலோர வீட்டில் அந்தக் காசு வீண்போகாது. யன்னலோரம் மட்டும் மாட்டி வைக்காதீர்கள்.