டெல்டாவில் திராட்சை: தையில் கவாத்து, சித்திரையில் பறிப்பு

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருமே வைன் பிரியர்கள். பாபநாசம் அருகே ஒரு ஏக்கர் நஞ்சையும், வல்லம் பக்கம் ஒரு மா (சுமார் 33 சென்ட்) செம்மண் கொல்லையும் இருக்கின்றன. சின்னதாகத் திராட்சைத் தோட்டம் போட்டு, வீட்டுக்கு வேண்டிய வைனை நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: திராட்சை வளர்க்கலாம்; வைன் செய்யக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, வீட்டுக்குத்தான் என்றாலும் குற்றம்தான். பந்தல் கல்தூணுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

பாபநாசம் நஞ்சையை நெல்லுக்கே விட்டுவிடுங்கள். மேடு கட்டி நட்டாலும், சுற்றிலும் சம்பா நிற்கும் மாதங்களில் பக்கத்து வயல் தண்ணீர் கசிந்து வேர்வரை வந்து நிற்கும். மூச்சுமுட்டிய வேர் இலையில் மஞ்சளாகத் தெரியும். சத்துக் குறைவு என்று யூரியா போட்டால் கொடி இன்னும் சீக்கிரம் போகும். வல்லம் கொல்லையில் மூன்றடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்துக்குள் வற்றிவிட்டால் இடம் தோதானது. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துப் பாருங்கள். உப்பு அதிகம் என்றால் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றுதான் தாங்கும்.

ரகம், கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஒரு மாவுக்குச் சுமார் 220 கன்று பிடிக்கும். அங்கே ஆனி, ஆடியில் நடுவார்கள். இங்கே அப்படி நட்டால் இளங்கன்று ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும், தையில் நடுங்கள். இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் பறித்து, மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து மூடி நட வேண்டும். ஒற்றைத் தண்டாக ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, இரு பக்கமும் கை பிரித்து விடுங்கள். பந்தலின் ஓரத் தூண்களை வெளிப்புறம் சாய்த்து நட்டு, இழுகம்பி கட்டுங்கள். பழப் பாரத்தில் ஓரத் தூண் உள்ளே சாய்ந்தால் பந்தல் முழுவதும் தொய்ந்துவிடும்.

டெல்டாவில் பலரும் கோட்டை விடுவது கவாத்து, அதாவது கிளை வெட்டும் கணக்கில்தான். கம்பத்துக்காரர் மாதிரி வருடத்துக்கு இரண்டு, மூன்று அறுப்புக்கு ஆசைப்பட வேண்டாம், இங்கே ஒன்றுதான். வைகாசியில் ஒன்றிரண்டு கண் (கிளை மொட்டு) விட்டு அடிக் கவாத்து செய்யுங்கள். அதில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த 40 முதல் 60 நாளில்தான் புதுக் கிளையின் கண்ணுக்குள் அடுத்த காய்ப்பு உருவாகிறது; ஆனி, ஆடி வெயில் அதற்குக் கட்டாயம் வேண்டும். மழைக்காலம் முழுக்க இலையைக் காப்பாற்றினால் கிளை முற்றும். பொங்கல் கழிந்ததும் நான்கு கண் விட்டு வெட்டுங்கள். சுமார் 110 நாளில், சித்திரைக் கடைசியில் பழம் வரும். மார்கழியிலேயே அவசரப்பட்டு வெட்டினால், பின்மழையில் இளந்தளிர் அடிச்சாம்பல் என்னும் பூஞ்சை நோய்க்கு இரையாகும். பறிப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

மழைக்காலத்து அடிச்சாம்பலுக்கு ஒரு சதவீத போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் பீப்பாய்தான் நல்லது. தீட்டிய அரிவாள் முனையை அதில் சற்று நேரம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும். அன்றன்றைக்குக் கரைத்து அன்றே அடித்துவிட வேண்டும்.

பக்கத்துக் கொல்லையில் நெல், கரும்பு, மக்காச்சோளம் இருக்கிறதா? அவர் களைக்கு 2,4-டி அடித்தால், காற்றில் வரும் சாரலே போதும். திராட்சை இலை விசிறிபோல ஒடுங்கி, நரம்பெல்லாம் நெருங்கிக் கிடக்கும். வைரஸ் என்று நினைத்து மருந்தடிப்பது வீண் செலவு. அண்டை நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வைன் கனவை விட மனம் வரவில்லை என்றால் ஒன்று சொல்கிறோம்: உரிமமே கிடைத்தாலும் இந்தப் பழத்தில் நல்ல வைன் வருவது கடினம். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால். 12 சதவீதத்துக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும். பன்னீர் திராட்சையில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. வைனுக்குப் பேர்போன நாசிக் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்த இரவு பழத்தில் புளிப்பைக் காக்கிறது. நம் சித்திரை இரவில் அது கரைந்துவிடும். நொதிக்கும் தொட்டி 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் பாதியில் தளர்ந்து, வினிகர் கிருமி உள்ளே புகும்.

சாறாக்கினால் இந்தப் பழத்தை மிஞ்ச ஆளில்லை. உதிர்த்துக் கழுவி நசுக்கி, 60 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் தோலின் நிறம் இறங்கும். வடிகட்டி ஃப்ரிட்ஜில் ஓரிரு இரவு வையுங்கள். அடியில் கண்ணாடித் தூள்போலப் படிவது பழத்தின் டார்டாரிக் உப்பு, பயப்பட வேண்டாம். தெளிந்ததை மட்டும் பாட்டிலில் ஊற்றி, 80 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி மூடுங்கள்.