கூடாரம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

வரும் நவம்பரில் நானும் மனைவியும் ஜோர்டான் போகிறோம். பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவைப் பார்த்துவிட்டு வாடி ரம் பாலைவனத்தில் இரண்டு இரவு தங்க எண்ணம். இணையத்தில் தேடினால் கண்ணாடிக் குமிழ் போன்ற கூடாரங்கள், ஒட்டகச் சவாரி, பாலைவன நாடோடி அரபு மக்களான பெதூயின்களின் பெயரில் 'பெதூயின் விருந்து' என்று வந்துகொண்டே இருக்கின்றன. போய்வந்த நண்பர் ஒருவர், "எல்லாம் நமக்காகப் போடுகிற வேஷம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வண்டி வந்ததும் தலைத்துணி கட்டிக்கொள்கிறார்கள்" என்கிறார். விருந்தோம்பலைக் காசுக்கு விற்பது எனக்கும் உறுத்துகிறது. உண்மையான பெதூயின் வாழ்க்கையைப் பார்க்க வழி உண்டா? இல்லை, போகாமல் இருப்பதுதான் மரியாதையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் போய்வாருங்கள். 'உண்மையான பெதூயின்' என்ற தேடலை மட்டும் கோவையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ரம் கிராமத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஸலாபியா குலத்தார். சிமெண்ட் வீடு, பள்ளிக்கூடம், பிக்கப் வண்டி எல்லாம் உண்டு. ஜீன்ஸும் உண்டு. அதனால் அவர்கள் பெதூயின் இல்லை என்று ஆகிவிடாது. ஜீப் ஓட்டும் அந்தப் பையனின் தாத்தாக்கள் மலையாடு வேட்டைக்காக அந்தச் செங்குத்துப் பாறைகளில் வெறுங்காலோடு வழி கண்டுபிடித்து ஏறியவர்கள். 1984இல் பிரிட்டிஷ் மலையேறிகள் அங்கே வந்தபோது, பல பாறைகளில் இவர்களுடைய வேட்டைப் பாதைகள் ஏற்கெனவே இருந்தன. இன்றைய வழிகாட்டித் தொழில் அந்த அறிவின் தொடர்ச்சி. அதை வேஷம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விருந்தோம்பலுக்குக் காசா என்று கேட்கிறீர்கள். நான் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் நடத்தும் சிறிய முகாம். மாலையில் அந்த வீட்டுப் பெரியவர் நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கரண்டியில் காப்பிக் கொட்டையை வறுத்தார். ஆறவிட்டு, ஏலக்காயோடு மர உரலில் போட்டு இடித்தார். அந்த இடிக்கு ஒரு தாளம் இருந்தது. இந்தச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் அழைக்காமலே வருவார்கள் என்று மகன் சொன்னார். பிடியில்லாத சின்னக் கோப்பையில் இரண்டு மடக்குதான் ஊற்றினார். நான் குடித்துவிட்டு நீட்டினேன், மறுபடி ஊற்றினார். மறுபடி நீட்டினேன், மறுபடியும் ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும் என்று மகன்தான் சொல்லிக்கொடுத்தார். ஆட்டுகிற வரை ஊற்றுவது ஊற்றுபவரின் கடமை.

மறுநாள் கணக்குப் பார்த்தபோது வண்டிக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்றார்கள். அந்தக் காப்பி கணக்கில் இல்லை. எது கூலி, எது விருந்து என்பதை அவர்களே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உழைப்புக்குக் காசு கொடுப்பதில் நமக்கு என்ன கூச்சம்?

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் கூடாரம் யாருடையது?

பெட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குகைகளில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் புதூல் குலத்தார். 1985இல் பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அதே காலத்தில் அவர்களை அங்கிருந்து கிளப்பி, மேலே உம் சைஹூன் என்ற குடியிருப்பில் வைத்தார்கள். இருபது வருடம் கழித்து, 2005இல், பெட்ரா, வாடி ரம் பகுதிப் பெதூயின்களின் பண்பாட்டு வெளியை மனிதகுலத்தின் அரிய மரபு என்று யுனெஸ்கோ அறிவித்தது. மரபுக்கு மரியாதை கிடைத்தது, சரி. மரபுக்காரர்கள் அதற்குள் சொந்த வாசலிலேயே கழுதைச் சவாரிக்கு ஆள் பிடிப்பவர்களாகியிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிலைமை வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்கு எகிப்தின் சினாய் சாட்சி. அங்கே 2015இல் தராபீன், முஸைனா, ஜபலியா என்ற மூன்று குலங்கள் சேர்ந்து 220 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தொடங்கின. அகபா வளைகுடாக் கரையிலிருந்து கேத்ரீன் மலை வரை, பன்னிரண்டு நாள் நடை. பிறகு அது எட்டுக் குலங்கள் சேர்ந்த 550 கிலோமீட்டர் பாதையாக வளர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு குலத்தின் எல்லை முடிந்ததும் வழிகாட்டி மாறிவிடுவார். அடுத்த நிலத்துக்காரர் உங்களை ஏற்றுக்கொள்வார். யாத்திரிகர்களையும் வணிகர்களையும் கூட்டிப்போன அந்தக் காலத்து ஏற்பாடு அது. வருமானமும் அப்படியே பிரிகிறது.

2019இல் ஹமாதா குலத்துப் பெண்கள் அங்கே முதல்முறையாக வழிகாட்டிகளானார்கள். அதற்குச் சில நிபந்தனைகள் இருந்தன: கூட வருபவர்கள் பெண்களாக மட்டும் இருக்க வேண்டும், மாலையில் ஊர் திரும்பிவிட வேண்டும், வழிகாட்டிகளைப் படம் எடுக்கக் கூடாது. நமக்கு இதெல்லாம் இறுக்கமாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு திறப்பது என்பதை அந்த ஊரே முடிவு செய்தது. பொறுப்பான சுற்றுலா என்று நான் நம்புவது இதைத்தான்.

ஆகவே பதிவு செய்யும் முன் முகாம்காரருக்கே எழுதிக் கேளுங்கள். முகாம் யாருடையது, வழிகாட்டி எந்த ஊர், சமைப்பவர் யார். ரம் கிராமத்துக் குடும்பங்கள் பல நேரடியாகவே பதில் போடுவார்கள். குறைந்த விலை தேடி அலைய வேண்டாம். அடித்துப் பேசிக் குறைக்கும் தொகை ஓட்டுநரின் கூலியில்தான் பிடிபடும்.

குமிழ்க் கூடாரம் வேண்டாம் என்பது என் கட்சி. ஏசி, ஷவர், இரவெல்லாம் விளக்கு. பாலைவனத்தின் நடுவே இருக்கும் முகாமுக்குத் தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும். அந்த வட்டாரத்தின் நிலத்தடியில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுப் பழைய நீர், மழையால் மீண்டும் நிறையாதது. ரம்முக்குப் பக்கத்திலுள்ள திஸி என்ற இடத்திலிருந்து 2013 முதல் அதை அம்மான் நகரத்துக்கும் குழாயில் கொண்டுபோகிறார்கள். ஒரு வாளி மிச்சம் பிடித்தாலும் நல்லது. ஜீப்பில் ஏறியதும், பழைய தடத்திலேயே போகலாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். புதுத் தடம் விழுந்தால் அங்கிருக்கிற கொஞ்சநஞ்சச் செடியும் போய்விடும். பெட்ராவில் குழந்தைகள் எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். விற்பனை நடக்கிற வரை அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஆட்டு மயிர்க் கூடாரத்தில் பெண்கள் பகுதி தனி. உங்கள் மனைவியை உள்ளே அழைத்தால் அவர் தயங்காமல் போகட்டும், போனை உங்களிடம் கொடுத்துவிட்டு. நீங்கள் வெளியே பெரியவரோடு உட்கார்ந்திருங்கள். நவம்பர் இரவில் நல்ல குளிர் இருக்கும், கனமான ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்