‘செக்யூரிட்டி’க்கு மாசிடோனிய மொழியில் எத்தனை சொல்? கேள்வி பதில்

கேள்வி: மேடம், செக்யூரிட்டி என்றால் ‘பெஸ்பெத்னொஸ்த்’ என்று அகராதியில் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் அதையே போடலாமா?

பதில்: கூடாது. அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்த சொல் என்றாலும் கூடாது.

‘பெஸ்’ என்றால் இல்லாமல். ‘பேதா’ என்றால் துயரம், இடர். இரண்டும் சேர்ந்தால் இடரின்மை. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் ‘செகூரிதாஸ்’ பிறந்ததும் இப்படித்தான்: ‘சே’ இல்லாமல், ‘கூரா’ கவலை. ஒரு மொழி இடர் இல்லை என்கிறது, இன்னொன்று கவலை இல்லை என்கிறது. வேரில் இவ்வளவு நெருக்கம் இருந்தும் புழக்கத்தில் வழி பிரிந்துவிட்டன.

நாடு, படை, காவல்துறை என்று வந்தால் பெஸ்பெத்னொஸ்த். ஐ.நா. பாதுகாப்பு அவை ‘சோவெத் ஸா பெஸ்பெத்னொஸ்த்’. இதில் ஒரு பொறி உண்டு. மாசிடோனியாவுக்கும் (இப்போது வடக்கு மாசிடோனியா) அதே பெயரில் சொந்த அவை இருக்கிறது. அரசியலமைப்பின்படி அதன் தலைவர் குடியரசுத் தலைவர். செய்தியில் வெறுமனே ‘சோவெத்’ கூடியது என்று வந்தால், நியூயார்க்கிலா, அந்நாட்டுத் தலைநகர் ஸ்கோப்யேவிலா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

‘சிகுர்னொஸ்த்’தில் உறுதி, நிச்சயம் என்ற வாடை அதிகம். ‘சோ சிகுர்னொஸ்த்’ என்றால் ‘நிச்சயமாக’. இதை ‘பாதுகாப்புடன்’ என்று பெயர்த்த படிகளை நான் திருத்தியிருக்கிறேன். கடை வாசலில் நிற்கும் காவலும், கடனுக்கு வைக்கும் ஈடும் ‘ஒபெஸ்பெதுவாஞே’. காப்பீடு ‘ஒசிகுருவாஞே’. பங்குச் சந்தையில் விற்கும் ‘செக்யூரிட்டி’கள் ‘ஹார்த்தீ ஒத் வ்ரெத்னொஸ்த்’, அதாவது மதிப்புள்ள தாள்கள். நம் கடன் பத்திரத்தில் உள்ள ‘பத்திரம்’ இலை, தாள் என்ற பொருளில் வந்தது போலத்தான். (‘பத்திரமா போயிட்டு வா’ என்பதில் இருப்பது வேறு வேர்.)

பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: சோஷியல் செக்யூரிட்டிக்கு எது?

பதில்: மாசிடோனியாவின் 1991 அரசியலமைப்பின் 34ஆம் பிரிவைப் படியுங்கள். குடிமக்களுக்கு ‘சோசியால்னா சிகுர்னொஸ்த்’, ‘சோசியால்னோ ஒசிகுருவாஞே’ இரண்டுக்கும் உரிமை உண்டு என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. முன்னது வாழ்க்கைக்கான உத்தரவாதம், பின்னது சந்தா கட்டிப் பெறும் காப்பீடு. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒன்றாக்கினால் சட்டத்தின் பாதி காணாமல் போய்விடும்.

கேள்வி: அக்கா, உணவுப் பாதுகாப்பு?

பதில்: எந்தப் பாதுகாப்பு? சோற்றில் நஞ்சு இல்லை என்பதா, சோறு கிடைக்கும் என்பதா? தமிழிலும் இதே குழப்பம்தான். நஞ்சில்லாத உணவுக்கு ‘பெஸ்பெத்னொஸ்த் நா ஹ்ரானா’. ஆங்கிலத்தில் அது சேஃப்டி, செக்யூரிட்டி அல்ல. பஞ்சம் வராமல் காப்பதற்கு ‘ப்ரெஹ்ரான்பெனா சிகுர்னொஸ்த்’. பெஸ்பெத்னொஸ்த் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தின் சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டையும் சுமக்கிறது. சாலைப் பாதுகாப்பும் வேலையிடப் பாதுகாப்பும்கூட அதற்குள்தான்.

கேள்வி: ‘ஒபெஸ்பெதுவாஞே வோதா’ என்பதை ‘தண்ணீருக்குக் காவல்’ என்று எழுதினேன். சரியா?

பதில்: தவறு. தண்ணீருக்கு ஏற்பாடு செய்வது, அவ்வளவுதான். அந்த வினைக்கு ‘கிடைக்கச் செய்தல்’ என்ற பொருள் அன்றாடம் புழங்குகிறது. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: பெஸ்பெத்னொஸ்த் என்பதே செர்பியாவிலிருந்து ஒட்டிக்கொண்டது, அசல் சொல் சிகுர்னொஸ்த் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

பதில்: இதற்கு முன் இரண்டு பேர் கேட்டபோது தள்ளிப்போட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஐ.நா. அவையின் பெயரை வரிசையாக வையுங்கள். செர்பியர் ‘பெஸ்பெத்னொஸ்த்’ என்கிறார்கள். குரோவாசியர் ‘சிகுர்னொஸ்த்’ என்கிறார்கள். பல்கேரியர் ‘சிகுர்னொஸ்த்’. மாசிடோனியர் ‘பெஸ்பெத்னொஸ்த்’. ஆகவே முதல் சொல்லை எடுத்தால் ஒருவர் ‘செர்பிய வாடை’ என்பார், இரண்டாவதை எடுத்தால் இன்னொருவர் ‘பல்கேரிய வாடை’ என்பார். 1945இல் எழுத்தும் எழுத்திலக்கணமும் வரையறுக்கப்பட்ட மொழி இது. அதைத் தனி மொழியாகவே பல்கேரிய அரசு ஏற்பதில்லை. 2020இல் மாசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்கான பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்தபோது மொழியும் ஒரு காரணமாக வந்து நின்றது. அதனால் அங்கே ஒரு சொல்லின் ஊர் எது என்று கேட்பது வெறும் அகராதிக் கேள்வி அல்ல.

என் நிலை இது: ‘பெஸ்’, ‘பேதா’ இரண்டும் மாசிடோனியர் வீட்டில் பேசும் சொற்கள். உண்மையில் வெளியிலிருந்து வந்தது ‘சிகுர்’தான், அது லத்தீன் ‘செகூருஸ்’ வழி வந்தது.

கேள்வி: அப்படியானால் சிகுர்னொஸ்த்தைத் தவிர்த்துவிடலாமா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை! ‘நிச்சயம்’ வெளியிலிருந்து வந்தது என்று தமிழில் அதை விட்டுவிட்டோமா? சிகுர்னொஸ்த் மாசிடோனிய அரசியலமைப்பிலேயே இருக்கிறது, மேலே காட்டினேன்.

கேள்வி: பல்கேரியருக்கு பெஸ்பெத்னொஸ்த் புரியாதா?

பதில்: புரியும். சேஃப்டிக்கு அவர்கள் ‘பெஸொபாஸ்னொஸ்த்’ என்பார்கள், ஆபத்தின்மை. அச்சு அதே அச்சு. இந்த விவாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மின்சார ஃபியூஸுக்கும் காப்பீட்டுக்கும் ஒரே சொல்லா?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. ஒரே வேர். ஃபியூஸ் ‘ஒசிகுருவாச்’.

கேள்வி: செக்யூரிட்டி என்றால் பெஸ்பெத்னொஸ்த்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மேடம், ஸ்கோப்யே வங்கி ஒன்றின் கடன் ஒப்பந்தம், நாலு பக்கம். ‘ஒபெஸ்பெதுவாஞே’ ஏழு இடத்தில் வருகிறது. பார்த்துத் தர முடியுமா?

பதில்: முடியாது. அங்கே ஈடு எது, ஏற்பாடு எது என்று பிரிப்பதில் உங்கள் வீடே அடங்கியிருக்கலாம். அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கொடுங்கள்.