உட்புறம் தேயும் முன் ரயர்கள்: லண்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, லண்டனுக்கு வந்த கையோடு பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன் ரயர்கள் இரண்டும் உட்புற ஓரத்தில் மட்டும் தேய்ந்துவிட்டன. கராஜில் இரண்டையும் மாற்றினால் போதும் என்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்புறுதி பற்றியும் வீட்டு வாடகை பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்கு உங்கள் பகுதியில் இருப்பவர்களே சரியான விவரம் சொல்வார்கள். ரயரைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும்.

மாற்றினால் மட்டும் போதாது. காரணம் அப்படியே இருக்க, புது ரயரும் அதே ஓரத்தில்தான் தேயும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உங்கள் ரயர்கள் இரண்டும் ஒரே மாதிரி உட்புறம் தேய்ந்திருப்பதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இங்கே ட்ராக்கிங் என்று சொல்லும் சக்கர ஒழுங்கைத்தான். முன் சக்கரங்கள் முன்பக்கமாக வெளியே விரிந்து நின்றால், கார் நேராக ஓடும்போதும் ரயர் சற்றுப் பக்கவாட்டாக உரசிக்கொண்டே போகும். ரயரின் குறுக்கே உள்ளங்கையால் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் இருந்தால் கோளாறு அங்கேதான். ஒரு பக்கத்து ரயர் மட்டும் தேய்ந்திருந்தால், வளைந்த ஸ்ட்ரட்டையோ (சக்கரத்தைக் காரின் உடலோடு தாங்கி நிற்கும் அதிர்வுதாங்கித் தண்டு) உடைந்த சுருள்வில்லையோ தேட வேண்டும். குளிர்காலத்தில் உப்புத் தூவும் இந்நாட்டு வீதிகளில், பள்ளத்தில் இறங்கிச் சுருள்வில் உடைவது சாதாரணம்.

இந்தத் தடவிப் பார்க்கும் வித்தையை எனக்குக் கற்றுத்தந்தவர், யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் வேலை செய்துவிட்டு இங்கே வந்த ஓர் அண்ணை. பனிக்காலத்தில் வந்து இறங்கி, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, எந்தக் கார் வந்து நின்றாலும் முதலில் ரயரைப் பார்க்கும் பழக்கம் அவரால்தான் வந்தது. திருமண மண்டபத்துக்கு நகைகளோடு பெரிய ஜெர்மன் காரில் போய் இறங்கும் நம்மவர்கள், ரயர் என்று வந்ததும் எவரோ பாவித்துக் கழற்றிய மலிவான ரயரைத் தேடி அலைவதை அன்றும் பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். அது எனக்கு ஆறாத கோபம். பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு மழையில் மோட்டார்வேயில் போகிறவர்கள் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுவா?

சட்டமும் உங்களைப் போன்ற புதியவர்கள் மேல்தான் கடுமையாக விழும். ரயர் வீதியில் படும் மிதிபரப்பின் நடு முக்கால் பாகத்தில், சுற்றளவு முழுவதும், வரிப்பள்ளங்கள் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். ஓரத்தில் உள்ளிழை வெளியே தெரிந்தாலும் அது குற்றமே. ஒரு ரயருக்கு 2,500 பவுண் வரை அபராதமும் அனுமதிப்பத்திரத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும் விழலாம். ஊர் அனுமதிப்பத்திரத்தில் இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம் என்பதால் நீங்களும் விரைவில் சோதனை எழுதுவீர்கள். முதன்முதலாகச் சித்தியடைந்து 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகி, எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மொட்டை ரயர்கள் அதற்குப் போதும். எம்.ஓ.ரி. என்னும் வருடாந்த வாகனப் பாதுகாப்புச் சோதனையில் சித்தியடைந்த கார் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தச் சோதனையில் ட்ராக்கிங்கை அளப்பதில்லை. நின்று பார்த்தால் உட்புற ஓரம் கண்ணில் படாது என்பதால், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

கராஜுக்குப் போனால், ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் கம்பியின் மூட்டுகளிலும், போல் ஜொயின்ற் எனப்படும் உருண்டை மூட்டுகளிலும், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் றப்பர் புஷ்களிலும் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை வைத்துக்கொண்டு ட்ராக்கிங் செய்வது பணத்தை வீணாக்கும் வேலை. அதன் பிறகு புது ரயர்களைப் பூட்டி, நான்கு சக்கரங்களையும் அளந்து, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டொரு மாதம் ஓடியபின் மறுபடி தடவிப் பார்த்து, ஓரம் கூராகத் தொடங்கியிருந்தால், அந்தத் தாளோடு அதே கராஜுக்குப் போய்க் கேளுங்கள்.