சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஆக என்ன படிக்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்கிறாள். நேராக ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்ப்பதா, ஒரு பட்டம் வாங்கிவிட்டு மூன்றாண்டு படிப்புக்கு அனுப்புவதா? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: எந்த வழியில் போனாலும் கடைசியில் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் ஒரே பதிவுதான். ஆனால் உங்கள் மகளுக்கு அறிவியல் உண்மையிலேயே பிடிக்கும் என்றால், பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போகட்டும் என்பேன். கூடுதலாக ஒரு வருடம் ஆகும். அது வீணாகாது.

காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கும் தென்மண்டல அமர்வில் நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினர் ஒருவரும் அமர்ந்திருப்பார். அறிவியலில் முனைவர் பட்டமோ பொறியியலில் முதுகலையோ பெற்று, 15 ஆண்டு அனுபவமும் உள்ளவர்களை, அல்லது சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர்களை அந்தப் பதவியில் அமர்த்தச் சட்டம் இடம் தருகிறது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீரில் என்ன கலந்திருக்கிறது என்று அவர் கேட்கும்போது, 'கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று நின்றால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும்.

அவளுக்கு ஆய்வகத்தை விட வாதாடுவதில்தான் ஆர்வம் என்றால் ஐந்தாண்டுப் படிப்பே சரி. தமிழக அரசு சட்டக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் நுழைவுத் தேர்வு. சுற்றுச்சூழல் சட்டம் எல்லா சட்டக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடம். ஆனால் அந்த ஒரு பாடத்தை நம்பித் தொழிலுக்கு வர முடியாது. ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும் முன் ஊர்மக்களின் கருத்தைக் கேட்கப் பொது விசாரணை நடத்துவார்கள். கல்லூரி நாட்களிலேயே அவள் அப்படி ஒன்றுக்காவது போய் உட்காரட்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்கும் அந்தக் கூட்டங்களில், ஊர்க்காரர்கள் என்ன கேட்கிறார்கள், அதில் எவ்வளவு பதிவேட்டில் ஏறுகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேதியியல் முதுகலை முடித்து மணலி பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 34. வேலையை விடாமல் சட்டம் படித்து இந்தத் துறைக்கு வரலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் வேலையை விடாமல் முடியாது. தபால் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்துப் பதிவு செய்ய இயலாது. நேர்முக வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். பதிவுக்குப் பிறகு முழுநேரச் சம்பள வேலையில் இருக்கவும் விதி அனுமதிக்காது. மூன்று வருடக் குடும்பச் செலவுக்கு வழி செய்துகொண்டு இறங்குங்கள்.

நீங்கள் கொண்டுவரும் அறிவுக்கு இங்கே என்ன மதிப்பு என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று வழக்குக்கு வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஓர் ஆய்வறிக்கை இருக்கும். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். மாற்று நீர் ஆதாரம் இல்லாத இடத்தில்கூட இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில், 'மாதிரியை வாடிக்கையாளர் கொண்டுவந்தார்' என்று ஒரு வரி இருக்கும். எதிர்த் தரப்பு அந்த வரியைத்தான் முதலில் படித்துக் காட்டும். எந்தக் கிணறு, யார் மொண்டது, பாட்டிலுக்கு யார் சீல் வைத்தது என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். இதை முதல் நாளே கவனித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ தீர்ப்பாயம் அமைக்கும் கூட்டுக் குழுவோ நேரில் வந்து மாதிரி எடுக்க உத்தரவிடுங்கள் என்று மனுவிலேயே கேட்க வேண்டும். ஆய்வகத்தில் இருக்கும் உங்களுக்கு இது அன்றாட வேலை. எங்களில் பலர் பல வருடம் கழித்துத்தான் கற்றுக்கொள்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படித்தால்தான் மதிப்பா? (மாணவர், தாம்பரம்)

பதில்: இல்லை. ஆராய்ச்சி, கற்பித்தல் பக்கம் போவதென்றால் உதவும். வழக்கு நடத்த அது கட்டாயமில்லை. மாசிலிருந்து தாஜ்மகாலைக் காக்க வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வழக்குத் தொடுத்தது 1984ல். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமே 1986ல்தான் வந்தது. பட்டத்தை விட, வழக்கில் இறங்கும் உழைப்புதான் இங்கே மதிப்பு.

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரியில் கட்டட இடிபாடுகளைக் கொட்டுகிறார்கள். வழக்குப் போட ஒருவரைப் பார்த்தோம். வாசல் பலகையிலேயே 'சுற்றுச்சூழல் வழக்கு நிபுணர்' என்று இருக்கிறது. அவர் பின்னணியை எப்படிச் சரிபார்ப்பது? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெரும்பாக்கம்)

பதில்: அந்தப் பலகையே பார் கவுன்சில் விதிக்கு எதிரானது. குறிப்பிட்ட வகை வழக்கில் நிபுணர் என்று பெயர்ப் பலகையில் போடக் கூடாது. 2008க்குப் பிறகு, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வாதாடுகிறார் என்பது போன்ற விவரங்களை மட்டும் வெளியிடலாம். நம் நாட்டில் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் என்று தனியாக யாரும் சான்றிதழ் தருவதில்லை.

அதனால் பட்டத்தை விட வழக்குகளைப் பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நீதிமன்ற இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் ஆஜரான இரண்டு மூன்று உத்தரவுகளைப் படித்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அப்புறம் நேரில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இது தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய விஷயமா, உயர் நீதிமன்றத்துக்கா? தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் நீர், காற்று, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர்ச் சட்டங்கள் எல்லாம் வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வராது. இரண்டு, கெடு எப்போது முடிகிறது? பொதுவான மனுவுக்கு ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்க ஐந்து வருடம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், கூடுதலாக 60 நாள், அதோடு சரி. இதற்கு மழுப்புகிறவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். நல்ல வழக்குகள் பல இந்தக் கெடுவிலேயே செத்துப்போகின்றன.

அவர் உங்களிடம் அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரங்கள் அடங்கிய வருவாய்த் துறைப் பதிவேடு), புல வரைபடம், சர்வே எண் எல்லாம் கேட்கிறாரா என்றும் பாருங்கள். ஏரியின் எல்லை எது என்று நிரூபிக்காமல் ஏரி வழக்கு நடத்த முடியாது.

கேள்வி: வழக்கறிஞர் வைக்க வசதியில்லை. தீர்ப்பாயத்துக்கு நாங்களே போகலாமா? (மீனவர், எண்ணூர்)

பதில்: தாராளமாகப் போகலாம் ஐயா. மனுதாரர் நேரில் வாதாடச் சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கும், அதனால் தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவையும் பாருங்கள். தேதி போட்ட புகைப்படங்கள், நீங்கள் அனுப்பிய புகார்களின் ஒப்புகைச் சீட்டுகள், இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இந்த ஆண்டு பதிவு செய்கிறேன். எந்த மாதிரி சீனியரிடம் சேர வேண்டும்? (சட்டப் பட்டதாரி, ராயபுரம்)

பதில்: முதலில் பதிவுக் கட்டணம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சட்டப்படி 750 ரூபாய்தான், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீதும் காரணமும் கேளுங்கள். சென்னையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024ல் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. தொகையைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

சுற்றுச்சூழல் வழக்கு மட்டும் நடத்தும் அலுவலகம்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். முதல் இரண்டு வருடம் ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு), சிவில் வழக்கு இரண்டும் நடக்கும் இடம் நல்லது. நிலம், பட்டா, புறம்போக்கு தெரியாதவருக்கு நீர்நிலை வழக்கு பிடிபடாது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது, நம் வேலூர் மக்கள் போட்ட வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு அமைக்கச் சொன்னதும் அதில்தான். சீனியர் கள ஆய்வுக்குக் கிளம்பும்போது உங்களையும் கூட்டிப் போவாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.