ஆஸ்பத்திரி பில்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் செக்‌ஷனில் 19 வருடம், பிறகு அங்கேயே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 6 வருடம் உட்கார்ந்தவள் நான். இப்போது ஓய்வு. ஆபரேஷன் முடிந்து கையில் வரும் பில்லைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு வராதீர்கள். ‘டீடெய்ல் பில்’ கேட்டு வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். அதைக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல.

மதுரை: அக்கா, அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். பாலிசி 5 லட்சம். பில் 2,79,600. இன்சூரன்ஸ் கொடுத்தது 1,62,500 மட்டும். 5 லட்சம் இருக்கும்போது ஏன் முழுசாகத் தரவில்லை? ரூம் வாடகை கொஞ்சம் கூடுதல் என்றார்கள், அதை மட்டும் கழித்தால் போதாதா?

போதாது தம்பி. இதைத்தான் 6 வருடமும் தினமும் விளக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் டீடெய்ல் பில்லும் அனுப்பியிருப்பதால் முழுசாகவே போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு நாளுக்கு 5,000. நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் ரூம், நான்கு நாள். நாளுக்கு 3,000 வீதம் 12,000 தானே நம் கையிலிருந்து போகும் என்று நினைத்தீர்கள். ஆனால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ரூம் ஏறினால் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாம் கூடவே ஏறும். அதனால் இன்சூரன்ஸ்காரர்கள் அந்த வகைகளையும் அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்காக, வெட்டுவார்கள். உங்கள் பில்லில் இந்த வகை மொத்தம் 1,52,000. எட்டில் ஐந்து பங்கு 95,000. போனது 57,000. ரூமில் போன 12,000-ஐயும் சேர்த்தால் 69,000. அந்த ரூமில் ஏ.சி.யும் டி.வி.யும் கூடுதலாக இருந்திருக்கும், வேறென்ன.

இது கசந்தாலும் பாலிசியில் எழுதியிருப்பதுதான். ஆனால் உங்கள் தாளில் இன்னொன்று இருக்கிறது. மருந்தும் டிஸ்போசபிளும் (சிரிஞ்ச், கிளவுஸ் போல ஒருமுறை போட்டு எறியும் சாமான்) 68,000. அதில் இன்சூரன்ஸில் வராத அயிட்டங்கள் 14,000 போக மீதி 54,000. லேப், ஸ்கேன் 22,000. ஆக 76,000. இதையும் எட்டில் ஐந்தாக வெட்டி 47,500 கொடுத்திருக்கிறார்கள். அது தப்பு. மருந்து, டிஸ்போசபிள், உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட், பரிசோதனை இவற்றில் விகித வெட்டு போடக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே சொல்லிவிட்டது. ஐ.சி.யூ. வாடகைக்கும் அந்த வெட்டு கிடையாது. மாத்திரை ஸ்பெஷல் ரூமுக்கு ஒரு விலை, ஜெனரல் வார்டுக்கு ஒரு விலை என்று விற்பதில்லையே.

உங்களுக்கு 28,500 ரூபாய் பாக்கி வர வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். கோபமாக எழுத வேண்டாம், மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லை என்றாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

மீதி சின்னச் சின்னது: ரெஜிஸ்ட்ரேஷன், ஃபைல் சார்ஜ் 4,000 கம்பெனிகள் பெரும்பாலும் தராது. ஜி.எஸ்.டி. 1,600 என்பது ரூம் வாடகை நாளுக்கு 5,000-ஐத் தாண்டினால் 2022 ஜூலையிலிருந்து வரும் 5 சதவீதம். அதுவும் அந்த ரூம் செய்த வேலைதான்.

ஈரோடு: மேடம், அம்மா ஐ.சி.யூ.வில். குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். நாளைக் காலைக்குள் 1,50,000 கட்டச் சொல்கிறார்கள். கையில் 40,000 இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

இன்றிரவே பில் கவுன்ட்டரில் ‘இன்டரிம் பில்’ கேளுங்கள், அதாவது இன்று வரை ஆனது. கேட்கிற 1,50,000 ஆன செலவா, இனி ஆகப்போவதற்கு முன்பணமா என்று அதில் தெரிந்துவிடும். முன்பணம் என்றால் பாதி கட்டி அவகாசம் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “சார், இன்னும் எத்தனை நாள் ஐ.சி.யூ.? வார்டுக்கு மாற்ற முடியுமா?” பணம் இல்லை என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். பில் அவருக்குத் தெரியாது. நிறைய டாக்டர்கள் தங்கள் மேஜைக்கு அது வருவதே இல்லை என்பதால் கேட்பதில்லை.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. இந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993-இல் கேளுங்கள். இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றலாமா என்று டாக்டரையே கேளுங்கள். மாற்றும் நிலையில் அம்மா இருக்கிறாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல. நாளைக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள்.

திண்டுக்கல்: பாக்கி கட்டாமல் டிஸ்சார்ஜ் தர மாட்டேன் என்கிறார்கள். பிடித்து வைக்க முடியுமா?

முடியாது. நோயாளியையும் சரி, இறந்தவர் உடலையும் சரி, பாக்கிக்காகப் பிடித்து வைக்கக்கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இது தனியாகவே இருக்கிறது. பாக்கி இருந்தால் அவர்கள் சட்டப்படி வசூலிக்கட்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். செக்யூரிட்டி வருவார், வேறு எதுவும் வராது.

தஞ்சாவூர்: தள்ளுபடி கேட்கலாமா? யாரிடம்?

கேட்கலாம். கேஷியரிடம் அல்ல. அந்தப் பெண்ணுக்கு 10 ரூபாய் குறைக்கவும் அதிகாரம் கிடையாது, நான் அங்கே உட்கார்ந்தவள். அட்மினிஸ்ட்ரேட்டரையோ எம்.டி.யையோ டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாலையில் பாருங்கள். குறைக்கக்கூடிய இடம் ரூம் வாடகை, தியேட்டர் சார்ஜ், டாக்டர் ஃபீஸ். சர்ஜன் தன் ஃபீஸைத் தானே குறைத்து ஃபைலில் எழுதிக் கொடுத்தால் எங்கள் செக்‌ஷனில் மறுபேச்சு இருக்காது. மருந்துப் பில்லில் குறைப்பது அபூர்வம். டிஸ்சார்ஜ் அன்று காலை பதினொரு மணிக்கு, பின்னால் இருபது பேர் நிற்கும்போது கேட்டால் ஒன்றும் நடக்காது.

கரூர்: பாலிசி 3 லட்சம், ஆனால் பாதிதான் கொடுத்தார்கள், ஏன்?

ரூம். மதுரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: அண்ணனுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். ‘ஸ்டென்ட் 1,20,000’ என்று வாயால் சொன்னார்கள். சரியா?

ஒரு ஸ்டென்ட்டுக்கு என்றால் சரியில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 என்று அரசு உச்சவரம்பு போட்டது. அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லில் ஸ்டென்ட்டைப் பெயரோடு தனி வரியாகப் போட வேண்டும். கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதையும் பில்லையும் ஒப்பிடுங்கள். அந்த வரம்பு ஸ்டென்ட் வைக்கப் பயன்படும் பலூனுக்கும் கதீட்டர் குழாய்க்கும் கிடையாது. 1,20,000 எதையெல்லாம் சேர்த்துச் சொன்னது என்று கேளுங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, டீடெய்ல் பில்.

சேலம்: என் மருந்துப் பில் 90,000. வெளியில் வாங்கியிருந்தால் பாதிதான் ஆகியிருக்கும். வெளியில் வாங்க விடுவார்களா?

உள்நோயாளிக்குப் பெரும்பாலும் விடுவதில்லை. இது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போனது. 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நேரடி உத்தரவு எதுவும் போடாமல், மாநிலங்கள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு எடுத்துப்போகும் மருந்தை அங்கேயே வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை செய்பவர்: மேடம், எங்களைத் திருடர்கள் போலக் காட்டுகிறீர்கள். நாங்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஊசி கேட்டால் தெருக்கடை திறந்திருக்குமா? வெளியிலிருந்து வரும் மருந்து போலியாக இருந்தால் யார் பொறுப்பு?

இரவு இரண்டு மணி, போலி மருந்து இரண்டும் நியாயம். எம்.ஆர்.பி. பேச்சை மட்டும் என்னிடம் பேசாதீர்கள் சார். எம்.ஆர்.பி.யை அச்சடிப்பது யார்? மருந்து விலை ஆணையம் 2018-இல் டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களைப் பார்த்தது. சில பொருள்களில் லாபம் வாங்கிய விலையின் மேல் 1,737 சதவீதம் வரை. எம்.ஆர்.பி.யைத் தாண்டவே இல்லை. தாண்ட வேண்டிய அவசியமே இல்லாதபடி எம்.ஆர்.பி. உயரத்தில் இருந்தது.

அதே நபர்: அது டெல்லி. நம் ஊரில் 50 படுக்கை ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன், கரன்ட் பில், நர்ஸ் சம்பளம் எல்லாம் எதிலிருந்து கொடுக்கும்? ரூம் வாடகையை ஏற்றினாலும் திட்டுவீர்கள்.

திட்டுவேன். ஆனாலும் ரூம் வாடகையை ஏற்றினால் ஆளுக்கு முன்கூட்டியே தெரியும், வேண்டாம் என்று போகலாம். லாபத்தைச் சிரிஞ்சில் வைத்தால் மயக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கோவை, நர்ஸ்: பார்மசி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை அக்கா. தியேட்டரில் சும்மா இருக்கும் கிட்டைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு நேரமில்லை. யாரும் திருடுவதில்லை, அப்படியே பில்லில் ஏறிவிடும்.

நீங்கள் சொன்னதுதான் என் பாயின்ட் தங்கச்சி. திருட்டு என்று நான் எங்கே சொன்னேன்? என் சொந்த அக்காவுக்கு ஓர் இடத்தில் கர்ப்பப்பை அகற்றினார்கள். பில்லை நான் வரிவரியாகப் பார்த்தேன். ஸ்பைனல் ஊசி மூன்று, மயக்கம் கொடுத்ததோ ஒரே குத்தில். 7.5 சைஸ் ஸ்டெரைல் கிளவுஸ் 22 ஜோடி. யூரின் பேக் நான்கு, இரண்டு நாளுக்கு. “மற்ற ஊசி இரண்டும் எங்கே?” என்று கேட்டேன். அந்தப் பையன் தியேட்டருக்குப் போன் போட்டான். பத்து நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பிரிக்காத சாமான் எல்லாம் கீழே வந்தது. 6,340 ரூபாய் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. கேட்காவிட்டால் வந்திருக்காது, அவ்வளவுதான்.

பார்மசிக்காரரே, உங்களோடு இன்னும் பேசலாம், ஆனால் கீழே எட்டுக் கேள்வி காத்திருக்கிறது.

விழுப்புரம்: 3 லட்சத்தையும் ரொக்கமாகக் கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள்.

ஒரே சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்குகிறவருக்கு. உங்களுக்கு ரசீது சரியாக வராது. வேண்டாம்.

திருப்பூர்: ஏழு வருடப் பாலிசி, ஒரு வருடம்கூட விடாமல் கட்டியது. முழங்கால் ஆபரேஷன் க்ளெய்மை ‘சர்க்கரை நோயை மறைத்தீர்கள்’ என்று தள்ளிவிட்டார்கள்.

விடாமல் 60 மாதம் கட்டிய பாலிசியை, மோசடி என்று அவர்கள் நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகக் காரணம் காட்டித் தள்ள முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்தது, 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். இந்த ஒரு வரியை எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். மசியாவிட்டால் ஆம்புட்ஸ்மன்.

சர்க்கரை விஷயம் எங்கிருந்து கிளம்பியிருக்கும் தெரியுமா? அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர், “சுகர் எத்தனை வருஷமா?” என்பார். கூட வந்த மச்சான், “அது ஒரு பத்து வருஷமா இருக்கும் சார்” என்பார். அது கேஸ் ஷீட்டில் ‘10 வருடம்’ என்று ஏறிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்த தேதியை நோயாளியே சொல்லட்டும், மச்சான் டீ குடிக்கப் போகட்டும். கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

சிங்கப்பூர்: இங்கே அரசு மருத்துவமனையில் பில் அதிகம்.

குடியுரிமை இருந்தால் அந்த மருத்துவமனையின் மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாருங்கள். பில் கட்ட முடியாதவர்களுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்டு அவர் வழியாகத்தான்.

அரியலூர்: பைக் விபத்து, கால் எலும்பு ஆபரேஷன்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வருமான வரம்பு கிடையாது. அந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியா பாருங்கள்.

பெரம்பலூர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, அவசரத்தில் பணம் கட்டி ஆபரேஷன் முடித்துவிட்டோம். இப்போது திரும்பக் கேட்கலாமா?

அது பணம் கட்டிவிட்டுப் பின்னால் கேட்கும் திட்டம் அல்ல. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு டெஸ்க் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அட்டையைக் காட்டியும் பணம் வாங்கினார்கள் என்றால் கதை வேறு. ரசீதோடு, ஈரோட்டுக்காரருக்கு மேலே சொன்ன எண்ணில் புகார் செய்யுங்கள்.

சென்னை: மேடம், ரூம் வாடகை லிமிட் என்றால் என்ன?

மதுரை. மதுரை. மேலே போங்கள்.

சென்னை, இன்னொருவர்: டிஸ்சார்ஜ் எழுதி ஆறு மணி நேரம் ஆகிறது, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. இன்னொரு நாள் வாடகை போடுவார்களாம்.

ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை அனுப்பி மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். தாண்டினால் கூடுதல் வாடகை கம்பெனியின் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி எத்தனை மணிக்கு அனுப்பியது என்று முதலில் கேளுங்கள். டாக்டர் காலை ஒன்பதுக்கு ‘போகலாம்’ என்பார், ஃபைல் எங்கள் மேஜைக்கு வர மதியம் இரண்டாகும்.

ஈரோடு: மேடம், நான்தான். அம்மா வார்டுக்கு வந்துவிட்டார். 60,000 கட்டினேன், அவகாசம் கொடுத்தார்கள். நாளை டிஸ்சார்ஜ். இப்போது என்ன செய்ய வேண்டும்?

நல்ல செய்தி. கட்டிலுக்குப் பக்கத்து லாக்கரைத் திறந்து பாருங்கள். பிரிக்காத ஊசி, குளுக்கோஸ் பாட்டில், டயப்பர் பாக்கெட் இருக்கும். பார்மசி பில்லோடு எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலமே ரிட்டர்ன் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசியைத் திருப்பி வாங்க மாட்டார்கள், அதற்காக வாதாட வேண்டாம். ஃபைனல் பில் போட்டுவிட்டால் ரிட்டர்ன் எடுக்கத் தயங்குவார்கள், அதனால் இன்றே.