லிண்டோஸ் அக்ரோபோலிஸ்: முட்டிவலியுள்ள அம்மாவோடு ஏறலாமா?

கிரீஸின் ரோட்ஸ் தீவிலுள்ள லிண்டோஸ் ஊரில் மூன்று மணி நேரம்தான் இருக்கும், முட்டிவலியுள்ள அம்மாவை மேலே அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். உச்சி வரை வேண்டாம். அக்ரோபோலிஸ் என்னும் பழங்காலக் கோட்டை இருக்கும் குன்று சுமார் 116 மீட்டர் உயரம். கழுதைச் சவாரி நுழைவாயிலுக்கு முன்பே முடிந்துவிடும். செங்குத்தான படிகள் அதற்கு அப்புறம்தான். கால் பட்டுப் பட்டுக் கற்கள் வழவழத்துப் போயிருப்பதால் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும்.

அம்மா மெதுவாக நுழைவாயில் தாண்டி வர முடிந்தால், பெரிய படிக்கட்டின் அடியிலேயே ஓர் அற்புதம் இருக்கிறது: பாறையில் செதுக்கிய கப்பலின் பின்பகுதி. கி.மு. 180 வாக்கில் சிற்பி பித்தோக்ரிடோஸ் செய்தது. வளைந்தேறும் அந்த விளிம்பைக் கிட்டே நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

பிறகு நீங்கள் மட்டும் மேலே போங்கள்: இடைக்காலக் கிறிஸ்தவப் படையினரான புனித ஜான் வீரர்களின் கோட்டை, கிரேக்கத் தெய்வம் ஏதீனாவின் கோயில் தூண்கள், கீழே புனித பவுல் விரிகுடா. அம்மா ஊருக்குள் பனாகியா தேவாலயத்தில் நிழலில் உட்காரலாம். கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த தரை, 1779-இல் தீட்டிய சுவரோவியங்கள். ஊருக்குள் வண்டி வராது, அதனால் பிடிப்புள்ள ரப்பர் அடிச் செருப்பும் தண்ணீரும் கட்டாயம். மேலே நிழலே கிடையாது; காலையிலேயே ஏறிவிடுங்கள்.